டிஇஎச்பி: எங்கே தடுப்பது, எங்கே பொறுப்பது

மருத்துவமனையில் ரத்தம் சேமித்து வைக்கும் பை துணி மாதிரி மடங்கும். அது பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனது. ஆனால் பிவிசி இயல்பில் மடங்குகிற பொருள் அல்ல. சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாயின் விறைப்புதான் அதன் சொந்தக் குணம். அதை மடங்க வைப்பது டைஎத்தில்ஹெக்சில் தாலேட், சுருக்கமாக டிஇஎச்பி, என்ற நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம். பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்கள் இதை டிஓபி என்பார்கள். ரத்தப் பையின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை இந்தத் திரவம்தான். மின்கம்பி உறை, தரைவிரிப்பு, மழைக்கோட்டு, செயற்கைத் தோல், ட்ரிப்ஸ் குழாய் என்று வளைகிற பிவிசி இருக்கும் இடமெல்லாம் இதுவோ இதன் உறவுக்காரத் தாலேட்டுகளோ இருந்திருக்கின்றன. இந்த வேதிப்பொருள் நல்லதா கெட்டதா என்று அரை நூற்றாண்டாக வாதம் நடக்கிறது. கேள்வியே சரியாக அமையவில்லை என்பது என் கருத்து. டிஇஎச்பி எந்தப் பொருளில் இருக்கிறது, யார் உடலுக்குள், எந்த வயதில், எந்த அளவில் போகிறது என்று பிரித்துக் கேட்டால், இன்றைக்குக் கையிலிருக்கும் ஆதாரங்களைக் கொண்டே தெளிவான முடிவுகளுக்கு வரலாம். பெயரை மட்டும் பார்த்துத் தடை செய்வதும், பழகிய பொருள் என்று எல்லா இடத்திலும் விட்டுவிடுவதும் ஒரே அளவு தவறு.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்; பின்னால் வரும் சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது. தாலிக் அன்ஹைட்ரைடையும் இரண்டு-எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்கஹாலையும் வினைபுரிய வைத்தால் டிஇஎச்பி கிடைக்கும். பிவிசியின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் அது விறைப்பாக இருக்கிறது. டிஇஎச்பி அந்த இழைகளுக்கு நடுவே நுழைந்து பிடியைத் தளர்த்துகிறது. பரோட்டா மாவின் மடிப்புகளை ஒட்டவிடாமல் எண்ணெய் பிரித்து வைப்பது போல. இழைகளோடு அது வேதிப் பிணைப்பு எதையும் கொள்வதில்லை என்பதே இங்கே முக்கியம். நடுவே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வழி கிடைத்தால் வெளியேறும். தண்ணீரில் அது கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே உப்புக் கரைசல் நிரப்பிய பையிலிருந்து மிகச் சிறிதளவே கசிகிறது. ரத்தம், கொழுப்புச் சத்துக் கரைசல், கொழுப்பு கலந்த மருந்துகள் ஆகியவை அதே பிளாஸ்டிக்கிலிருந்து பல மடங்கு அதிகம் இழுத்துக்கொள்கின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும், தொட்டிருக்கும் நேரம் நீண்டாலும் கூடும். மோசமான தயாரிப்பில்தான் கசியும், தரமான தயாரிப்பில் கசியாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. கசிவது இந்தப் பொருளின் இயல்பு. எந்த உயர்தரத் தொழிற்சாலையில் செய்தாலும் பிணைப்பில்லாத திரவம் பிணைப்பில்லாத திரவம்தான்.

விறைத்த பொருளை இப்படி வேறொன்றைக் கலந்து இளக்கும் உத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. அன்று செல்லுலாய்டுக்கு அந்த வேலையைக் கற்பூரம் செய்தது. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடியபோது, கொதிநிலை அதிகமுள்ள திரவங்களில் பிவிசியைச் சூடாக்கினார். கிடைத்தது பசை அல்ல, வளைகிற பிளாஸ்டிக். அதுவரை பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்த பிவிசிக்குச் சந்தை பிறந்தது. 1930-களில் டிஇஎச்பி வந்தது. எளிதில் ஆவியாகாது, விலை மலிவு, பிவிசியோடு ஒத்துப்போகும். இந்த மூன்றும் சேர்ந்து அதை உலகின் முதன்மை நெகிழ்வூட்டி ஆக்கின.

மருத்துவத்துக்குள் அது வந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. அதற்கு முன் ரத்தம் கண்ணாடிப் பாட்டில்களில் சேகரிக்கப்பட்டது. பாட்டில் உடையும். காற்று புகுந்து நோயாளியின் ரத்தக்குழாயை அடைக்கும் ஆபத்தும் உண்டு. 1950-ல் ஹார்வர்டு அறுவை மருத்துவர் கார்ல் வால்டர், பொறியியல் தெரிந்த மருத்துவர் வில்லியம் மர்ஃபி இளையவரோடு சேர்ந்து பிளாஸ்டிக் ரத்தப் பையை உருவாக்கினார். கொரியப் போர்க்களத்தில் அதன் பயன் தெரிந்தது. பைகளை ஒன்றோடொன்று குழாயால் இணைத்துச் சுழற்றினால், சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் தட்டணுக்களையும் வெளிக்காற்றுப் படாமல் பிரித்துவிடலாம். ஒருவர் தந்த ரத்தம் இரண்டு மூன்று பேருக்குப் பயன்படத் தொடங்கியது இந்தப் பையால்தான். டிஇஎச்பியைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் எதை எதற்கு ஈடாக வைத்துப் பேசுகிறோம் என்பது விளங்காது.

1970-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் யேகரும் ராபர்ட் ரூபினும் எலியின் கல்லீரலுக்குள் பிளாஸ்டிக் குழாய் வழியே ரத்தம் செலுத்தி ஆய்ந்தபோது, கணக்கில் இல்லாத ஒரு பொருள் குறுக்கிட்டது. அது குழாயிலிருந்து வந்த நெகிழ்வூட்டி. 1972-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, பைகளில் சேமித்த ரத்தத்தில் தாலேட் கலந்திருப்பதையும், ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் திசுக்களில் அது தங்கியிருப்பதையும் காட்டியது. ஆனால் 1980-களில் எதிர்பாராத இன்னொரு முடிவும் வந்தது. கசிந்த டிஇஎச்பி சிவப்பணுவின் சவ்வில் படிந்து, அந்த அணு உடையாமல் காக்கிறது. அது இல்லாத பையில் வைத்த சிவப்பணுக்கள் வேகமாகச் சிதைகின்றன. சேமிப்புக் காலத்தின் முடிவில் ஐரோப்பிய விதிப்படி 0.8 சதவீதத்துக்கு மேல் அணுக்கள் சிதைந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் அந்த வரம்பு 1 சதவீதம். சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் ஊட்டக் கரைசல்களுக்குப் பங்கு உண்டு, கசியும் இந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. கசிகிற மாசு ஒன்றே சேமிப்புப் பொருளாகவும் வேலை செய்த இந்த நிலை வேதியியல் வரலாற்றில் அபூர்வம். வெறுமனே தடை செய்யுங்கள் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

தீமையின் பக்கம் என்ன ஆதாரம் இருக்கிறது? முதலில் எழுந்தது புற்றுநோய் அச்சம். 1982-ல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், அதிக அளவு டிஇஎச்பி கலந்த தீனியை உண்ட எலிகளிலும் சுண்டெலிகளிலும் கல்லீரல் கட்டிகள் வந்ததைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதே ஆண்டு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்தது. 2000-ல், எலியின் கல்லீரலில் நடக்கும் அந்த மாற்றம் மனிதருக்குப் பொருந்தாது என்று கூறி வகைப்படுத்த இயலாதவை என்ற குழுவுக்கு இறக்கியது. 2011-ல் புதிய சான்றுகளைப் பார்த்துப் பழைய வரிசைக்கே ஏற்றியது. இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டி விஞ்ஞானிகளுக்கே முடிவு தெரியவில்லை என்று தொழில்துறை சொல்வது வழக்கம். கல்லீரலைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கனமான ஆதாரம் இருப்பது கல்லீரலில் அல்ல, ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியில். புற்றுநோய் வாதத்திலேயே இருபது முப்பது ஆண்டுகள் செலவானது இந்த விவாதத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

உடலுக்குள் போன டிஇஎச்பி, எம்இஎச்பி என்ற சிறு மூலக்கூறாக உடைகிறது. வினை புரிவது பெரும்பாலும் அதுதான். கருவுற்ற எலிக்கு இதைக் கொடுத்தால், வயிற்றிலுள்ள ஆண் கருவின் விரையில் டெஸ்டோஸ்டீரோன் சுரப்பு குறைகிறது. பிறக்கும் குட்டிகளில் விரை இறங்காமை, சிறுநீர்த் துளை இடம் மாறியிருத்தல், பின்னாளில் விந்தணுக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. ஒரே தொகுதியாக வரும் இந்தக் குறைகளுக்குத் தாலேட் நோய்க்குறித் தொகுப்பு என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதரில், ஷானா ஸ்வான் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்த சில தாலேட் கழிவுகளுக்கும், அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைந்திருப்பதற்கும் தொடர்பு காட்டியது. அந்தத் தூரம் கருவில் ஆண் ஹார்மோன் எவ்வளவு வேலை செய்தது என்பதன் அடையாளம். 2015-ல் அதே குழுவின் பெரிய தொடர் ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அளந்த டிஇஎச்பி கழிவுகளோடு இந்தத் தொடர்பு தெரிந்தது.

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. மார்மோசெட் குரங்குகள் இந்தப் பொருளால் எலிகளைப் போலப் பாதிக்கப்படவில்லை. மனிதக் கருவின் விரைத் திசுவை எலிக்குள் பதியம் வைத்துத் தாலேட் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் டெஸ்டோஸ்டீரோன் எலியில் குறைவது போலக் குறையவில்லை. அப்படியானால் எலியை வைத்து மனிதருக்கு விதி எழுதலாமா? என் பதில் இது. சுரப்பு குறையும் வழிமுறை இரு இனங்களிலும் ஒன்றல்ல என்று அந்தச் சோதனைகள் சொல்கின்றன; மனிதக் கரு பத்திரம் என்று அவை சொல்லவில்லை. மனிதத் திசுவை வைத்துச் செய்த சில ஆய்வுகளில், ஹார்மோன் மாறாவிட்டாலும் விந்தணுவின் மூல அணுக்கள் பாதிக்கப்பட்டது தெரிந்திருக்கிறது. ஸ்வான் குழுவின் முடிவுகளை எலிச் சோதனையின் துணை இல்லாமலே விளக்கியாக வேண்டும். ஐயம் இரு பக்கமும் இருக்கிறது. ஐயம் இருக்கும்போது தவறினால் இழப்பு யாருக்கு என்று கேட்பதே முறை. தேவையில்லாமல் ஒரு ட்ரிப்ஸ் குழாயை மாற்றியிருந்தால் இழப்பு கொஞ்சம் பணம். தேவைப்பட்டும் மாற்றாமல் விட்டிருந்தால் இழப்பை ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

அடுத்த மறுப்பு அளவைப் பற்றியது. டிஇஎச்பி உடலில் நீண்ட நாள் தங்குவதில்லை, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடுகிறது, அன்றாடம் நாம் உட்கொள்வது மிகச் சிறிய அளவு என்பார்கள். வளர்ந்த ஆரோக்கியமானவரைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2019-ல் டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்குச் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று தாங்கும் அளவை வகுத்தது. பெரும்பாலான ஐரோப்பியர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஆனால் சராசரி மனிதரை வைத்துச் சொல்லும் ஆறுதல் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-ல் செய்த மதிப்பீட்டில், ரத்தநாளம் வழியே உடலுக்குள் போவதற்குத் தாங்கும் அளவாகக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராம் வைக்கப்பட்டது. நாலு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மயக்க மருந்தும் ஊட்டக் கரைசலும் ரத்தமும் சேர்ந்து ஏற்றப்படும்போது அது 2.83 மில்லிகிராம் வரை போகக்கூடும் என்று அதே மதிப்பீடு கண்டது. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கும் எக்மோ சிகிச்சையில் 14 மில்லிகிராம், அதாவது தாங்கும் அளவைப் போல 23 மடங்கு. அதுவும் பொருளைக் கழிவாக்கி வெளியேற்றும் நொதிகள் இன்னும் முதிராத உடலில்; விரை வளர்ச்சி நடந்துகொண்டிருக்கும் பருவத்தில். 2006-ல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், கடுமையான சிகிச்சையிலிருக்கும் ஆண் குழந்தைகளைப் பற்றித் தன் அளவுகோலில் மிக உயர்ந்த நிலையான தீவிரக் கவலை என்ற சொல்லைப் பயன்படுத்தியது.

எக்மோவில் பிழைத்த குழந்தைகளைப் பதின்பருவத்தில் பரிசோதித்த ஓர் ஆய்வு 2004-ல் வந்தது. வளர்ச்சியிலும் பருவமடைதலிலும் குறை எதுவும் அது காணவில்லை. பார்த்தவர்கள் 19 பேர் மட்டுமே. இதிலிருந்து நிம்மதி கொள்வது அவசரம். மறுபக்கம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகளை நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையின்போது ரத்தத்தில் இருந்த டிஇஎச்பி கழிவுகளின் அளவுக்கும் பின்னால் தெரிந்த கவனக் குறைபாட்டுக்கும் வலுவான தொடர்பு கண்டது. நோய் கடுமையாக உள்ள குழந்தைக்குத்தான் அதிகக் குழாய்கள் செருகப்படும். ஆகவே குறைபாட்டுக்குக் காரணம் குழாயா நோயா என்ற கேள்வி இயல்பானது. நோயின் கடுமையைக் கணக்கில் கழித்த பிறகும், வேறொரு குழுவில் சரிபார்த்த பிறகும் தொடர்பு நின்றது என்பதால் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. குறைந்தபட்சம், எலியோடு நின்றுபோன வாதம் என்று இனி யாரும் சொல்ல இயலாது.

சரி, தடை செய்துவிட்டால் முடிந்ததா? பொம்மைகளின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. ஐரோப்பா 1999-ல் தற்காலிகமாகவும் 2005-ல் நிரந்தரமாகவும் பொம்மைகளில் தாலேட்டுகளைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்கா 2008-ல் டிஇஎச்பி உள்ளிட்ட மூன்றை 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. உற்பத்தியாளர்கள் அதன் நெருங்கிய உறவான டிஐஎன்பிக்கு மாறினார்கள். 2001 முதல் 2010 வரை அமெரிக்கர்களின் சிறுநீரை அளந்தபோது, டிஇஎச்பி கழிவுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. டிஐஎன்பி கழிவுகள் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. அந்த டிஐஎன்பியும் எலிக் கருவில் டெஸ்டோஸ்டீரோனைக் குறைக்கிறது. வீரியம் குறைவு, திசை அதே. 2017-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதையும் நிரந்தரமாகத் தடுத்தது. ஒரு பெயரைத் தடுத்து அடுத்த பெயருக்கு இடம் விடும் இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து ஆண்டு போகிறது. ஒரே வழிமுறையில் தீங்கு செய்பவற்றை ஒரே தொகுதியாக மதிப்பிட்டு, மொத்த அளவுக்கு வரம்பு வைப்பதே சரி. அந்த 2017 முடிவு பல தாலேட்டுகளின் கூட்டு விளைவைக் கணக்கிட்டுத்தான் எடுக்கப்பட்டது. அதே கணக்குதான் வேறு இரண்டு தாலேட்டுகள் மீதிருந்த இடைக்காலத் தடையை நீக்கவும் சொன்னது. தாலேட் என்ற குடும்பப் பெயருக்காக எதையும் தண்டிக்காத நியாயம் இது.

மாற்றுகளைப் பற்றிய பயமும் நியாயமானதே. பிஏஎஸ்எஃப் நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த டின்ச், மருத்துவக் குழாய்களில் பயன்படும் டிஓடிஎம், சிட்ரிக் அமிலத்திலிருந்து பெறப்படும் பிடிஎச்சி ஆகியவை இன்று சந்தையில் இருக்கின்றன. டிஓடிஎம் பெரிய மூலக்கூறு, ஆகவே பிளாஸ்டிக்கை விட்டுக் கிளம்புவது மிகக் குறைவு. டின்ச் கசிகிறது, ஆனால் விலங்குச் சோதனைகளில் டிஇஎச்பி காட்டும் ஆண் ஹார்மோன் எதிர்ப்பைக் காட்டவில்லை. டிஇஎச்பிக்கு இருக்கும் அளவு நீண்ட காலத் தரவு இவற்றுக்கு இல்லை என்பது உண்மை. தெரிந்த தீமை தெரியாததைவிட மேல் என்ற வாதம் இதிலிருந்து கிளம்புகிறது. தீமை தெரிந்தும் பயன் ஏதும் இல்லாத இடத்தில் அந்த வாதம் நிற்காது. ட்ரிப்ஸ் குழாயிலும் உணவு செலுத்தும் குழாயிலும் டிஇஎச்பி நோயாளிக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. சிவப்பணுப் பையில் மட்டும் செய்கிறது. ஆகவே குழாயை இப்போதே மாற்றலாம். பையை, சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கும் புதிய ஊட்டக் கரைசல்களோடு சேர்த்துச் சோதித்து, பொறுமையாக மாற்ற வேண்டும். ரத்தத் தட்டுப்பாடு உள்ள ஊரில் 42 நாள் சேமிப்பு 30 நாளாகக் குறைந்தால், அதன் விலையைப் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட தாய் கொடுப்பாள்.

உலகில் விவரம் அறிந்து சட்டம் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை மதித்திருக்கிறார்கள். பிரான்ஸ் 2015 ஜூலை முதல் குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மகப்பேறு பிரிவுகளில் டிஇஎச்பி கலந்த குழாய்களைத் தடை செய்தது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே கை வைத்தது. கலிபோர்னியா 2024-ல் இயற்றிய சட்டம் ட்ரிப்ஸ் கரைசல் பைகளுக்கு 2030, குழாய்களுக்கு 2035 என்று கெடு வைத்து, ரத்தப் பைகளுக்கு விலக்கு அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் கருவிகளுக்கான கெடுவை 2030 ஜூலைக்குத் தள்ளியிருக்கிறது. குழாய்களுக்கும் சேர்த்துத் தள்ளியது எனக்கு உடன்பாடில்லை. ரத்தப் பைகளுக்குத் தள்ளியது சரி.

மிகைப்படுத்தலையும் இங்கே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2018-ல் 55 முதல் 64 வயதுக்குள் நேர்ந்த இதயநோய் மரணங்களில் மூன்றரை லட்சத்துக்கு மேல் டிஇஎச்பியோடு தொடர்புடையவை, அவற்றில் ஒரு லட்சத்துக்கு மேல் இந்தியாவில், என்று 2025-ல் ஒரு கணிப்பு வெளியாகி எங்கும் பரவியது. அமெரிக்கர்களிடம் கண்ட ஒரு தொடர்பின் அளவை எல்லா நாடுகளுக்கும் நீட்டிப் போட்ட மாதிரிக் கணக்கு அது. காரணத்தை நிறுவிய ஆய்வு அல்ல. இத்தகைய பெரிய எண்கள் ஒருநாள் ஆட்டம் கண்டால், உறுதியான ஆதாரமுள்ள பச்சிளங்குழந்தை விஷயமும் சேர்ந்து நம்பிக்கை இழக்கும். இதேபோல 2011-ல் தைவானில் பழச்சாறுகளைக் கலங்கலாகக் காட்டும் பொருளில் பாமாயிலுக்குப் பதில் டிஇஎச்பி கலந்தது அம்பலமானதையும் இந்த விவாதத்தில் இழுப்பார்கள். அது கலப்படக் குற்றம். பிளாஸ்டிக்கின் கசிவுக்கும் அதற்கும் உறவில்லை.

இந்தியாவுக்கு இது தொலைவான விஷயம் அல்ல. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தில்தான் 1980-களில் பென்பால் நிறுவனம் உள்நாட்டு ரத்தப் பைகளைச் செய்யத் தொடங்கியது. இன்று அது டெருமோ பென்பால் என்ற பெயரில் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. செய்யத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2021 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இங்கே விற்கும் பொம்மையில் டிஇஎச்பி 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொம்மைக்கு இந்த அக்கறை காட்டும் நாடு, குறைமாதக் குழந்தையின் ரத்தநாளத்தில் நேராக இணையும் குழாய்க்கு அதைவிடக் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். செலவு கூடும் என்பது கடைசி மறுப்பு. எல்லா வார்டுகளுக்கும் ஒரே நாளில் மாற்றினால் கூடும்தான். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு மட்டும் என்றால், அங்கே தேவைப்படும் குழாய்களின் எண்ணிக்கை மொத்தக் கொள்முதலில் சிறு பகுதி. மொத்தமாக வாங்கும்போது விலையும் இறங்கும். தமிழ்நாட்டில் அதற்கான அமைப்பு புதிதாகத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் உபகரணமும் மொத்தமாக வாங்கித் தருவதற்கென்றே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வாங்கும் ட்ரிப்ஸ் குழாய், உணவுக் குழாய், சுவாசக் குழாய் மூன்றும் டிஇஎச்பி இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பதை அதன் டெண்டர் நிபந்தனையில் கட்டாயமாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவர்கள் சட்டத்துக்காகக் காத்திராமல் இதையே தங்கள் கொள்முதல் பிரிவிடம் கேட்க வேண்டும். டிஇஎச்பி இல்லாத குழாய்களின் உறையில் அது அச்சிடப்பட்டே வருகிறது.